ஒரே பாகம், மூன்று எண்கள்: ப்ரொஃபைல் அளவீட்டை ரிப்போர்ட்டில் எழுதுவது எப்படி?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில், காரியாபட்டிக்கு முன்னால் ஆவியூர் வரும். மானாவாரி நிலமும் கண்மாய்களும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும் இந்த வறண்ட பூமியில்தான் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனத்தின் கிருஷ்ணாபுரம் தொழிற்சாலை இருக்கிறது. 1966இல் சென்னை பாடியில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த நிறுவனம், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பும் இடத்துக்கு வளர்ந்தது. காரியாபட்டியை ஒட்டிய புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகள் டிப்ளமோவோ பி.இ. மெக்கானிக்கலோ முடித்துவிட்டு ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் என்று தரப் பரிசோதனை வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் எழுதும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் படிக்கிறார். பாகம் கப்பலில் ஏறுவதற்கு முன்பே எண் அவர் கைக்குப் போய்விடுகிறது. ஏற்பதா மறுப்பதா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எந்த வடிவில் எழுதப்பட வேண்டும் என்பது சின்ன விஷயமல்ல. அதிலும் ஜிடி அண்டு டி எனப்படும் வடிவியல் டாலரன்ஸ் முறையில், மேற்பரப்பு ப்ரொஃபைல் அளவுக்குக் குழப்பம் தரும் குறி வேறில்லை என்று நினைக்கிறேன். துளையின் விட்டத்தை 10.02 என்று எழுதினால் யாரும் தவறாகப் படிக்க முடியாது. ப்ரொஃபைலுக்கு 0.12 என்று எழுதினால் அதை மூன்று பேர் மூன்று விதமாகப் படிக்க முடியும்.

முதலில் ஒரு தெளிவு. பெயின்ட் அடிப்பதற்கு முன் இரும்பை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி அளக்கிறார்களே, அந்த ‘சர்ஃபேஸ் ப்ரொஃபைல்’ வேறு. அது மைக்ரான் கணக்கிலான மேடுபள்ளம். இங்கே பேசுவது ட்ராயிங்கில் அடிப்பக்கம் மூடிய அரைவட்டமாக வரும் குறியைப் பற்றி. டிசைனர் கேட் மாடலில் வரைந்த மேற்பரப்புதான் மெய்யான வடிவம். அதன் இரு பக்கமும் குறிப்பிட்ட அகலத்தில் ஒரு மண்டலம் கட்டப்படுகிறது. செய்து முடித்த பாகத்தின் மேற்பரப்பு முழுவதும், ஒரு புள்ளிகூட விடாமல், அந்த மண்டலத்துக்குள் அடங்க வேண்டும். குறியின் மொத்தப் பொருளும் இவ்வளவுதான். பம்ப் இம்பெல்லரின் வளைந்த இதழ், டர்பைன் பிளேடு, காரின் பம்பர், டைகாஸ்டிங் மூடி என எதற்கும் இது பொருந்தும். வடிவம், கோணம், இடம், அளவு ஆகிய நான்கையும் ஒரே குறியால் கட்டுப்படுத்தலாம். அந்த வசதிதான் சிக்கலுக்கும் காரணம்.

0.2 மில்லிமீட்டர் டாலரன்ஸ், இருபுறமும் சமம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மெய்யான வடிவத்திலிருந்து வெளியே 0.1, உள்ளே 0.1. சிஎம்எம் எனப்படும் ஆயத்தொலை அளவீட்டு இயந்திரத்தில் பாகத்தை ஏற்றிப் பல புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கிறோம். எல்லாப் புள்ளிகளும் வெளிப்பக்கமே விலகியிருக்கின்றன: குறைந்தது +0.02, அதிகபட்சம் +0.12. இப்போது ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

ஒருவர் அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து 0.10 என்று எழுதுகிறார். டாலரன்ஸ் 0.2, பாதிதான் செலவாகியிருக்கிறது, பாகம் ஓகே. இன்னொருவர் அதிகபட்ச விலகல் 0.12 என்று எழுதுகிறார். அதுவும் 0.2க்குள்தான், ஓகே. மூன்றாமவர் அதிகபட்ச விலகலை இரட்டித்து 0.24 என்று எழுதுகிறார். ரிஜெக்ட்.

மூன்றாமவர் எழுதியதே சரி. +0.12 என்ற புள்ளி +0.1 என்ற எல்லையைத் தாண்டி வெளியே நிற்கிறது; இதில் வாதத்துக்கு இடமில்லை. முதல் இருவரின் எண்களிலும் கணக்குப் பிழை கிடையாது. அவை டாலரன்ஸ் கட்டத்தில் இருக்கும் 0.2 உடன் ஒப்பிடக் கூடாத எண்கள், அவ்வளவுதான். 0.10 என்பது மேற்பரப்பின் அலைவு எவ்வளவு என்று சொல்கிறது, அது எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. 0.12 என்பது பாதி மண்டலத்தோடு, அதாவது 0.1 உடன் ஒப்பிட வேண்டியது. 0.2 என்பது மண்டலத்தின் முழு அகலம். ஆகவே அதற்கு எதிரே வைக்கும் எண்ணும் முழு அகலமாக இருக்க வேண்டும்: மெய்யான வடிவத்தை மையமாக வைத்து எவ்வளவு அகலத்துக்கு மண்டலத்தை விரித்தால் இந்த மேற்பரப்பு அடங்கும்? 0.24 அகலத்துக்கு.

இந்த இரட்டிப்பு பலருக்கும் உறுத்துகிறது. ‘இல்லாத பிழையை ஏன் இரண்டு மடங்காகக் காட்டுகிறீர்கள்’ என்று உற்பத்திப் பிரிவினர் கேட்பது நியாயமான கேள்விதான். மேற்பரப்பு 0.24 அளவுக்கு எங்கும் பிசகவில்லை என்பதும் உண்மை. ஆனால் பொசிஷன் டாலரன்ஸிலும் இதே வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. துளையின் மையம் 0.1 நகர்ந்தால் 0.2 விட்டம் என்று எழுதுகிறோம். அதை யாரும் மறுப்பதில்லை. டாலரன்ஸ் எந்த அலகில் சொல்லப்பட்டதோ, அளவீட்டுக்கும் அதே அலகுதான்.

தரநூல்களே ஒரே மூச்சில் இந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. வடிவியல் டாலரன்ஸ் சிந்தனையின் மூலவராகச் சொல்லப்படும் ஸ்டான்லி பார்க்கர், ஸ்காட்லாந்தில் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு அவர் கவனித்தது துளைகளின் இடத்தை. அன்றைக்கு ஆய்வு என்றால் கேஜ்தான். உள்ளே போகிறதா, போகவில்லையா என்பதே விடை. எண் எழுதும் தேவையே பெரிதாக எழவில்லை. சிஎம்எம் இயந்திரங்கள் பரவி, கணினி எண்களை அச்சிடத் தொடங்கிய பிறகுதான் ‘இந்த எண்ணுக்கு என்ன பொருள்’ என்ற கேள்வி வந்தது.

அந்தக் கேள்வி வெடித்த ஆண்டு 1988. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வாக்கர், அரசுக்கும் தொழில்துறைக்கும் பொதுவான தகவல் பரிமாற்ற அமைப்பின் வழியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். சிஎம்எம் மென்பொருள்களின் கணக்கீட்டு முறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில மென்பொருள்கள் பாகத்தை உண்மையைவிட 37 சதவீதம் வரை மோசமாகவும், 50 சதவீதம் வரை நல்லதாகவும் காட்டக்கூடும் என்றது அந்த எச்சரிக்கை. அதுவரை இயந்திரம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட தொழில்துறை அதிர்ந்தது. ட்ராயிங் குறிகளுக்குக் கணித வரையறை எழுத வேண்டும் என்ற முயற்சி தீவிரமடைந்து, 1994இல் ஒய் 14.5.1 என்ற அமெரிக்கத் தரநூல் வந்தது.

அந்த நூல் ப்ரொஃபைலுக்கு ஒரே மதிப்பைக் கொடுக்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மதிப்புகளைக் கொடுத்தது. வெளிப்பக்கம் எவ்வளவு, உள்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியே. தகவல் என்ற வகையில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ட்ராயிங்கில் ஒரு டாலரன்ஸ், ரிப்போர்ட்டில் இரண்டு எண் என்றால் படிவத்தில் எங்கே எழுதுவது? தொழிற்சாலைகள் தத்தம் வசதிக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டன. மென்பொருள் நிறுவனங்களும் அப்படியே. 25 ஆண்டுகள் கழித்து, 2019 பதிப்பில் ஒற்றை மதிப்புக்கு மாறினார்கள். இருபுறமும் சமமான மண்டலத்தில் அது பெரிய விலகலின் இரட்டிப்பாகவே வரும். ஐஎஸ்ஓ முறையிலும் கணக்கு இதுவே. அளவீட்டுத் தரவுகளை அறிக்கையில் எழுதுவதற்கென்றே ஒய் 14.45 என்ற தனி அமெரிக்கத் தரநூல் வந்ததோ 2021இல்தான். ட்ராயிங் எழுதும் இலக்கணத்துக்கும் ரிப்போர்ட் எழுதும் இலக்கணத்துக்கும் இடையே இத்தனை பத்தாண்டுகள் இடைவெளி.

சரி, ஒற்றை எண் வந்துவிட்டது; பிரச்சினை தீர்ந்ததா? என் பார்வையில் பாதிதான் தீர்ந்தது. ரிப்போர்ட்டைப் படிப்பவர் இரண்டு பேர். பாகத்தை ஏற்கலாமா என்று பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர். மெஷினை எப்படித் திருத்துவது என்று பார்க்கும் உற்பத்திப் பொறியாளர் இன்னொருவர். 0.24 முதலாமவருக்குப் போதும். இரண்டாமவருக்கு அதனால் பயனே இல்லை. முன் சொன்ன பாகத்தில் புள்ளிகள் +0.02 முதல் +0.12 வரை இருந்தன. இன்னொரு பாகத்தில் அவை −0.12 முதல் −0.02 வரை இருக்கின்றன. இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் 0.24தான் வரும். ஆனால் முதல் பாகத்தில் உலோகம் கூடுதலாக நிற்கிறது. டூல் ஆஃப்செட்டை 0.07 உள்ளே தள்ளி மறுபடி ஓட்டினால் விலகல் −0.05 முதல் +0.05 வரை வந்து, மதிப்பு 0.10க்கு இறங்கிவிடும். இரண்டாவதில் உலோகம் போய்விட்டது. அது ஸ்கிராப். காப்பாற்றக்கூடிய பாகமும் தூக்கிப்போட வேண்டிய பாகமும் ஒரே எண்ணோடு ஒரே தட்டில் நிற்கும் ரிப்போர்ட்டை நல்ல ரிப்போர்ட் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இரட்டித்த மதிப்புக்குப் பக்கத்திலேயே கூட்டல், கழித்தல் குறியோடு அதிகபட்ச, குறைந்தபட்ச விலகல்களும் அவை வந்த இடங்களும் இருக்க வேண்டும். கூடவே, கூட்டல் என்றால் எந்தப் பக்கம் என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். உலோகம் கூடுதலாக இருக்கும் பக்கமே கூட்டல் என்பது பொது வழக்கம். ஆனால் புரோகிராமில் மேற்பரப்பின் திசை தலைகீழாக அமைந்துவிட்டால் குறி மாறிவிடும். குழிவான உட்பகுதிகளில் இந்தத் தவறு எளிதில் நுழைகிறது. அங்கே உலோகம் கூடினால் குழி சிறுக்கும் என்பதால் ஆபரேட்டரின் மனக்கணக்கும் சேர்ந்து தடுமாறும்.

மண்டலம் இருபுறமும் சமமாக இல்லாதபோது இன்னும் கவனம் வேண்டும். அதே 0.2, ஆனால் முழுவதும் வெளிப்பக்கம் என்றால், +0.02 முதல் +0.12 வரை உள்ள நம் பாகம் பழுதில்லாமல் பாஸ். இங்கே 0.12ஐ இரட்டித்து 0.24 என்று எழுதினால் நல்ல பாகம் ரிஜெக்ட் ஆகிவிடும். மண்டலத்தின் நடுவிலிருந்து, அதாவது +0.1இலிருந்து, விலகலை எடுக்க வேண்டும். அப்போது தூரமான புள்ளி 0.08 விலகியிருக்கிறது, மதிப்பு 0.16. இப்படிச் சமமில்லாத மண்டலத்தை ட்ராயிங்கில் எழுதும் விதத்தில் அமெரிக்க முறையும் ஐஎஸ்ஓ முறையும் பிரிகின்றன. அமெரிக்க ட்ராயிங்கில் வட்டத்துக்குள் யு என்ற எழுத்துக்குப் பின் வரும் எண், மண்டலத்தில் எவ்வளவு பங்கு வெளிப்பக்கம் என்பதைக் குறிக்கும்; மேற்சொன்ன மண்டலத்துக்கு அங்கே 0.2 என்று வரும். ஐஎஸ்ஓ ட்ராயிங்கில் யுஇஸட் என்பதற்குப் பின் வரும் எண், மண்டலத்தின் நடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும், அங்கே +0.1 என்று வரும். மண்டலம் ஒன்றே, எண்கள் வேறு. அமெரிக்க வாடிக்கையாளரின் வேலையும் ஜெர்மானிய வாடிக்கையாளரின் வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. ட்ராயிங் எந்தத் தரநூலின்படி, எந்த ஆண்டுப் பதிப்பின்படி என்பதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது டேட்டம், அதாவது அளவெடுக்க ஆதாரமாக வைக்கும் முகமோ அச்சோ. ப்ரொஃபைல் கட்டத்தில் ஏ, பி, சி என்று டேட்டம்கள் கொடுக்கப்பட்டிருந்தால் மண்டலம் அந்த டேட்டம்களோடு பூட்டப்பட்டது. ஒரு இம்மியும் நகராது. டேட்டம் இல்லையென்றால் மண்டலம் சுதந்திரமாக நகரலாம், திரும்பலாம். மேற்பரப்பின் வடிவம் மட்டும் சோதிக்கப்படுகிறது. இன்றைய மென்பொருளில் ‘பெஸ்ட் ஃபிட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அளந்த புள்ளிகளைக் கேட் மாடலின் மேல் இயன்றவரை நெருக்கமாகப் பொருத்திக் காட்டும். வண்ணப் படம் முழுக்கப் பச்சையாகிவிடும். டேட்டம் கேட்ட ட்ராயிங்குக்கு அந்தப் பச்சைப் படத்தை அனுப்புவது, இடப்பிழையை மறைத்து அனுப்புவதுதான். நம் எடுத்துக்காட்டின் மேற்பரப்பு ஒரு தட்டையான முகமாக இருந்தால், பெஸ்ட் ஃபிட்டில் அந்த 0.07 நகர்வு காணாமல் போய், 0.10 அல்லது அதற்கும் குறைவாக வந்து நிற்கும். அசெம்பிளியில் போல்ட் மாட்டும்போது அந்த 0.07 திரும்ப வரும்.

இதற்காக பெஸ்ட் ஃபிட்டை ஒதுக்கவும் கூடாது. டேட்டத்தில் பூட்டி எடுத்த மதிப்பு 0.24, விடுவித்து எடுத்த மதிப்பு 0.10 என்று இரண்டையும் தனித்தனி வரியில், தனித்தனிப் பெயரோடு கொடுத்தால், வடிவம் சரியாக இருக்கிறது, ஃபிக்ஸ்சரோ ஆஃப்செட்டோதான் பிசகு என்பது உடனே விளங்கிவிடும். முதல் வரி தீர்ப்பு, இரண்டாம் வரி நோயறிதல். ட்ராயிங்கிலேயே ஒரு குறிக்குக் கீழ் இரண்டு அடுக்காகக் கட்டம் போட்டிருந்தால், அந்த அடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு கட்டாயம். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதுவது ட்ராயிங்கைப் படிக்காததற்குச் சமம்.

புள்ளிகள் எத்தனை? தரநூலின்படி மேற்பரப்பு முழுவதும் மண்டலத்துக்குள் இருக்க வேண்டும். சிஎம்எம் தொடுவதோ சில பத்துப் புள்ளிகளை. ஸ்கேனர் என்றால் லட்சக்கணக்கில். காரியாபட்டிப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்: கண்மாய்க் கரை சராசரியாக எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்பதில்லை, எந்த இடத்தில் தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் உடையும். ப்ரொஃபைல் மதிப்பும் ஒரேயொரு மோசமான புள்ளியால் தீர்மானமாகிறது. அந்தப் புள்ளியைத் தொடாமல் விட்டால் ரிப்போர்ட் பாகத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். மறுபுறம், ஸ்கேனர் தரும் லட்சம் புள்ளிகளில் தூசியும் ஒளிப் பிரதிபலிப்பும் பொய்ப் புள்ளிகளாகச் சேர்ந்து, நல்ல பாகத்தைக் கெட்டதாகக் காட்டலாம். அவற்றை வடிகட்டத்தான் வேண்டும். ஆனால் எதை, எவ்வளவு வடிகட்டினோம் என்று சொல்லாமல் வடிகட்டுவது நேர்மையல்ல. பொருத்தும் கணக்கிலும் இதே மாதிரி ஒரு இழுபறி. மென்பொருள்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மீச்சிறு வர்க்கப் பொருத்தம், அதே புள்ளிகளுக்குக் குறைந்தபட்ச மண்டலப் பொருத்தத்தைவிடச் சிறிய மதிப்பைத் தராது. சமமாகவோ பெரிதாகவோதான் தரும். எல்லைக்கோட்டில் நிற்கும் பாகத்தை ரிஜெக்ட் செய்யும் முன் எந்தப் பொருத்தம் போடப்பட்டது என்று பார்த்தால் ஒரு லாட்டைக் காப்பாற்ற முடியும்.

வெப்பம் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் அளவியல் பேச முடியாது. நீள அளவீடுகளுக்கு உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931இல் முடிவான விஷயம். விருதுநகர் மாவட்டத்தின் கோடையில் 35 டிகிரி என்பது இதமான நாள். 500 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய வார்ப்பு 20இலிருந்து 35க்குச் சூடானால் சுமார் 0.17 மில்லிமீட்டர் நீளும். 0.2 ப்ரொஃபைல் டாலரன்ஸில் இது எவ்வளவு என்று பாருங்கள்! எஃகென்றால் ஏறத்தாழ அதில் பாதி. குளிரூட்டிய அறையில் சிஎம்எம் இருந்தால் மட்டும் போதாது. பாகமும் அந்த அறையில் கிடந்து ஆற வேண்டும். வெயிலில் வந்திறங்கிய வார்ப்பை அப்படியே மேசையில் ஏற்றி அளந்தால், அது வெயிலை அளந்த கணக்குதான். ரிப்போர்ட்டில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எப்போதும் 20 என்று அச்சடித்தே வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம்.

அளவீட்டின் ஐயப்பாடும் இதோடு சேர்ந்தது. ஐஎஸ்ஓ 14253-1 சொல்லும் இயல்பான விதிப்படி, பாகம் சரி என்று நிறுவ வேண்டிய சப்ளையர் தன் ஐயப்பாட்டை டாலரன்ஸிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். ப்ரொஃபைலில் இங்கே கவனிக்காமல் விடக்கூடிய ஒன்று உண்டு. ஒரு புள்ளியின் விலகலை 0.01 ஐயப்பாட்டோடு அளக்கிறோம் என்றால், விலகலை இரட்டித்து எழுதும் மதிப்பின் ஐயப்பாடும் இரட்டித்து 0.02 ஆகும். மதிப்பை மட்டும் இரட்டித்து ஐயப்பாட்டை அப்படியே விட்டால், ஏற்கக் கூடாத பாகத்தை ஏற்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது.

வாடிக்கையாளர் சிபிகே எனப்படும் செயல்முறைத் திறன் எண்ணைக் கேட்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. ப்ரொஃபைல் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. புள்ளிவிவரப் படத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். மணி வடிவப் பரவலுக்கென்று செய்த சூத்திரத்தில் அதைப் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருள் குறைவு. பெரிய விலகல் இன்று வெளிப்பக்கமும் நாளை உட்பக்கமும் மாறி வந்தாலும் இரட்டித்த மதிப்பு அதே இடத்தில் நிற்கும். மெஷின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடியதை சார்ட் காட்டாது. மேற்பரப்பில் சில நிலையான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் குறியோடு கூடிய விலகலைத் தொடர்ந்து பதிவு செய்வதே செயல்முறைக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற வழி. தீர்ப்புக்கு இரட்டித்த மதிப்பு, கட்டுப்பாட்டுக்குக் குறியுள்ள புள்ளிகள் என்று ஆர்டர் எடுக்கும்போதே வாடிக்கையாளரோடு எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும். லாட் நின்ற பிறகு பேசினால் யார் சொல்வது எடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவும் நம் மாணவர்களுக்கு எங்கே சொல்லித்தரப்படுகிறது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரிகளுக்கென்று எஸ்பி 46 என்ற வரைபட நூலை 1988இலேயே கொடுத்தது. பொறியியல் படிப்பில் அளவியல் ஒரு பாடம். குறிகளை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அரைவட்டத்தைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அளந்து முடித்த பின் என்ன எழுதுவது என்ற இடத்தில் பாடம் நின்றுவிடுகிறது. அதை வேலையில் சேர்ந்த பிறகு சீனியரிடம் கற்கிறார்கள், சீனியர் 0.10 என்று எழுதும் வழக்கத்தில் வந்தவராக இருந்தால் அதுவே தலைமுறைக்கும் தொடர்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். விலை உயர்ந்த சிஎம்எம் இல்லாத கல்லூரியிலும் முப்பது புள்ளிகளின் விலகல்களைத் தாளில் அச்சடித்துக் கொடுக்க முடியும். அதே புள்ளிகளுக்கு மூன்று ட்ராயிங்: ஒன்றில் சமமான மண்டலம், ஒன்றில் ஒருபுற மண்டலம், ஒன்றில் டேட்டம் இல்லாத மண்டலம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பைக் கணக்கிட்டு, ஏற்பதா மறுப்பதா என்று எழுதி, கீழே மெஷின் ஆபரேட்டருக்கு ஒரு வரி தமிழில் எழுதச் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று. அந்தக் கடைசி வரியை எழுதத் தெரிந்தவர் ரிப்போர்ட்டின் மற்ற வரிகளைத் தவறாக எழுத மாட்டார்.